எழுத்தாக வந்த முகம்

போன வாரம் ஒரு மனிதனின் முகத்தை வாசித்தேன். கவிதைக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே வாசித்தேன் — சாய்கோடு, ஒன்பது, ஜே, சாய்கோடு, நான்கு, ஏ, ஏ, க்யூ... இப்படித் தொடங்கி, கம்ப்யூட்டர் திரை முழுக்க எழுத்துகள். மூக்கு எந்த வரியில் இருக்கிறது என்றுதான் கண்டுபிடிக்க முடியவில்லை.

கிளியரிங் ஏஜென்ட் ஜேசுராஜ் மதியம் போன் செய்தார். "அண்ணாச்சி, முத்தையாபுரம் தாண்டி நம்ம கண்டெய்னர் யார்டுக்குக் கொஞ்சம் வாங்க. இறால் பெட்டி கேட்லயே நிக்கி. சாயங்காலத்துக்குள்ள உள்ள போகலன்னா கப்பல் போயிரும். பார்ட்டி இனி என் பக்கம் தலை வச்சுப் படுக்கமாட்டான்!"

துறைமுக உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவனுக்குச் சம்பளம் நிற்கும், சிக்கல்கள் நிற்பதில்லை. எல்லா விதியும் தெரிந்தவன் என்று ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால், ஊரில் எந்த கேட் மூடினாலும் நமக்குத்தான் போன். உள்ளூர எனக்கு அதில் சந்தோஷம்தான். மறைப்பானேன்?

கேட்டில் செக்யூரிட்டி மாடசாமி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஜேசுராஜ், லாரி டிரைவர் இசக்கி. பின்னால் வரிசையாக லாரிகள், இடைவிடாத ஹாரன்.

டிரைவரின் பாஸை ஸ்கேன் செய்தால், பாஸ் கொடுத்த கம்பெனியின் வெப் சர்வீஸிலிருந்து அவருடைய போட்டோ வந்து திரையில் நிற்க வேண்டும். படமும் ஆளும் ஒத்துப்போனால் கேட் திறக்கும். அன்று காலையிலிருந்து யாருக்குமே படம் வரவில்லை. எழுத்துதான் வந்தது.

நான் என் ஆயுதத்தை எடுத்தேன். "சிஸ்டம் வேலை செய்யலைன்னா, லைசென்ஸைப் பார்த்து, கையெழுத்து வாங்கிட்டு விடலாம். விதி இருக்கே?"

"சிஸ்டம் நல்லாத்தானே சார் வேலை செய்யுது? என்னமோ வருதுல்லா!"

விதிப்படி மாடசாமி சொன்னது சரி. வேலை செய்யாத சிஸ்டத்துக்கு மாற்று ஏற்பாடு உண்டு. தப்பாக வேலை செய்யும் சிஸ்டத்துக்கு எந்த நாட்டில் விதி எழுதியிருக்கிறார்கள்?

இசக்கி பொறுமை இழந்தார். "அந்த எழுத்து நான்தாம்யா. வேணும்னா கூட்டி வாசிச்சுப் பாருங்க."

"ஏலே, இதுல உன் வாய் எங்கன இருக்குன்னு சொல்லு. விடுதேன்," என்றார் மாடசாமி.

கடைசியில் யார்டின் கம்ப்யூட்டர் வேலைகளைக் காயல்பட்டினத்தில் வீட்டிலிருந்தே பார்க்கும் பாத்திமாவைப் போனில் பிடித்தோம். ஸ்பீக்கரில் போட்டார் மாடசாமி.

"படம் வரத்தான் செய்யுது சார். நேத்து பாஸ் கம்பெனிக்காரங்க சர்வீஸை மாத்தியிருக்காங்க. முன்னாடி படத்தைப் படமாவே அனுப்புவாங்க. இப்ப அதை எழுத்தா மாத்தி, பேரு, லைசென்ஸ் நம்பர் எல்லாத்தோடயும் சேர்த்து அனுப்புறாங்க. நாமதான் அதைத் திரும்பப் படமாக்கணும். கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தோம். "இப்ப பாருங்க" என்றார். எழுத்துகள் போயிருந்தன. பதிலாகக் கட்டங்கள், கேள்விக்குறிகள், எந்த மொழியிலும் சேராத கிறுக்கல்கள்.

"மேடம், முன்னதாவது ஏபிசிடியா இருந்துச்சு. இப்ப செய்வினைத் தகடு மாதிரில்லா இருக்கு!" என்றார் மாடசாமி.

பாத்திமா சிரித்துவிட்டார். "படமா மாத்திட்டேன். ஆனா 'இது படம்'னு மேல குறிப்பு போட மறந்துட்டேன். குறிப்புல டெக்ஸ்ட்னே இருக்கு. பிரவுசர் அதை நம்பி வாசிக்குது."

இது எனக்கு உடனே புரிந்தது. என் உத்தியோகமே அதுதானே? பெட்டியை நாங்கள் எங்கே பார்த்தோம்... பெட்டியோடு வந்த தாளைத்தானே பார்த்தோம்! உள்ளே இறாலே இருக்கட்டும் — தாளில் உப்பு என்றிருந்தால், அதைத் திறந்து பார்க்கிறவரை எங்களுக்கு அது உப்புதான். கம்ப்யூட்டரும் எங்கள் இலாகாவில் பயிற்சி எடுத்திருக்கும் போல.

குறிப்பு மாறியது. திரையில் பளிச்சென்று ஒரு முகம். மழுங்கச் சிரைத்த கன்னம், படிய வாரிய தலை, தாராளமான பவுடர். ஜேசுராஜ் சிலுவை போட்டுக்கொண்டார்.

எல்லோரும் அந்த முகத்தைப் பார்த்தோம். பிறகு, அன்றைக்கு முதல் முறையாக, இசக்கியைப் பார்த்தோம்.

கழுத்தில் மாலை. சிவப்பு வேட்டி. கண்ணுக்குக் கீழே முழுக்கத் தாடி.

"இது யாருலே?" என்றார் மாடசாமி.

"நான்தான் அண்ணாச்சி. குலசை கோயில் தசராவுக்கு வேஷம் கட்ட மாலை போட்டிருக்கேன்லா, அதான் தாடி..."

ஜேசுராஜ் என்னைப் பார்த்தார். தாடிக்கு என்ன விதி? எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கிறுக்கலாக வந்தபோதாவது சிஸ்டத்தின் மேல் பழி போடலாம். இப்போது படம் சரி, ஆள்தான் பொருந்தவில்லை!

மாடசாமி அவசரப்படவில்லை. உள்ளங்கையால் திரையில் இருந்த முகத்தின் கீழ்ப்பாதியைப் பொத்தினார். மிச்சமிருந்த கண்ணையும் நெற்றியையும் பார்த்தார். ஜன்னல் வழியாக இசக்கியைப் பார்த்தார். மறுபடி திரை.

"என்ன வேஷம் கட்டுத?"

"காளி."

"தாடிக்கே இந்தப் பாடு. காளியா வந்து நின்னேன்னா நான் எதைப் பொத்திப் பாக்க? போ, போ. வண்டிய எடு."

கேட் திறந்தது. இறால் பெட்டி கப்பலைப் பிடித்துவிட்டது. ஜேசுராஜ் என்னை வீடு வரை காரில் கொண்டுவந்து விட்டார். நான் ஒன்றுமே செய்யவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் மனம் கேட்காமல் பாஸ் விதிகளை எடுத்துப் படித்தேன். போட்டோவில் தொப்பி கூடாது. கறுப்புக் கண்ணாடி கூடாது. நாக்கை நீட்டக் கூடாது என்று எங்கேயும் இல்லை.