ஸ்டெல்லாவின் பிழை என் தாளில்

ஆவடியில் கல்லூரி படித்தபோது, கணினிப் பாடத்தின் அசெம்பிளி மொழித் தேர்வில் பக்கத்திலிருந்த ஸ்டெல்லாவின் புரோகிராமை அவளுக்குத் தெரியாமல் காப்பியடித்தேன். அவள் செய்த ஒரு பிழையும் அப்படியே என் தாளில் இருந்தது.

"யாரு யாரைப் பார்த்து எழுதினீங்க?" என்று தாள் திருத்திய மேடம் எங்களைத் தன் அறைக்கு அழைத்துக் கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. இருவருக்கும் பூஜ்யம் போட்டு, மறுதேர்வு எழுதச் சொன்னார்.

வெளியே வந்ததும், "மன்னிச்சிடு ஸ்டெல்லா" என்றேன்.

"உள்ளேயே சொல்லியிருக்கலாம்ல? ரிஜிஸ்டர்னா இன்னான்னாவது தெரியுமா உனக்கு?"

தெரியாது என்று தலையாட்டினேன். ரயில் நிலையம் வந்ததும் ஒரு பெஞ்சைக் காட்டினாள்.

"உக்காரு. அடுத்த தடவை என்னுதைப் பாக்காம எழுதணும்."

ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில், கணினி எண்களை வைத்துக் கணக்கிடும் சின்ன இடம்தான் ரிஜிஸ்டர் என்று தொடங்கி, எந்த எண் எந்த ரிஜிஸ்டருக்குப் போகிறது என்று வரிவரியாக விளக்கினாள்.

மறுதேர்வில் இருவரும் தேறினோம். ஆனால் மேடத்தின் மனதில் ஸ்டெல்லாவும் காப்பியடித்தவளாகவே இருந்தாள். கடைசி நாள்வரை உண்மையைச் சொல்லி அதை நான் மாற்றவில்லை.