ஞாயிற்றுக்கிழமைச் சாயம்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருபது வயது தாண்டியதுமே நரைத்துவிடும். அதை ஒரு குடும்பப் பெருமை போல வேறு பேசிக்கொள்வோம். மாதம் இரண்டு ஞாயிறு, ஸ்ரீரங்கத்து வீட்டின் கொல்லையில் தம்பியை ஸ்டூலில் உட்காரவைத்து நான்தான் சாயம் பூசுவேன். மிச்சத்தை என் தலையில் தடவிக்கொள்வேன்.

நான் பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுப்பவள். குரோமோசோம் நுனியைப் பற்றிச் சொல்லும்போது பூச்சரத்தைத்தான் காட்டுவேன். செல் பிரியும் ஒவ்வொரு தடவையும் சரத்தின் நுனி கொஞ்சம் குறையும். ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை மாதிரி சில இடங்களில் டெலோமரேஸ் என்ற நொதி, குறைந்ததை மறுபடி கட்டிக் கொடுக்கும். அது சரியாக வேலை செய்யாவிட்டால் மஜ்ஜை சீக்கிரம் ஓய்ந்துபோகும், தலையும் சீக்கிரம் நரைக்கும். வருஷா வருஷம் இதைத் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன்.

தம்பிக்கு மூச்சு வாங்கியது, ஈறில் ரத்தம் கசிந்தது. தெருமுனை டாக்டர் ரத்தசோகை என்று மாத்திரை கொடுத்தார். அவர் பார்த்தது கருகருவென்ற தலையை. இரண்டு வருஷம் வீணாய்ப் போனது.

புத்தூர் ஆஸ்பத்திரியில்தான் மஜ்ஜை ஓய்ந்துவிட்டது தெரிந்தது. மாற்று மஜ்ஜை வேண்டும் என்றார்கள். என்னுடையது அப்படியே பொருந்தியது. அன்று கேசரி கிண்டினேன்.

"இனிமே உன் ரத்தம்தான்க்கா எனக்கு ஓடப்போகுது. உன் கோபமும் சேர்ந்து வந்துடுமே" என்று தம்பி சிரித்தான்.

மஜ்ஜை கொடுக்கச் சம்மதக் கையெழுத்துப் போடப் போன அன்று ஆஸ்பத்திரி டாக்டர் என் வகிட்டில் தெரிந்த வெள்ளையைப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்பம்மா நரைச்சது?"

"இருபத்திரண்டுல."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு பரிசோதனை எழுதினார். எங்கள் இருவருக்கும் அந்த டெலோமரேஸுக்கான மரபணுவில் ஒரே பழுது.

"உங்க மஜ்ஜையும் இதே மாதிரி ஓயப்போறதுதாம்மா. அதை எடுத்து அவருக்கு வைக்க முடியாதுங்க."

வேறு ஆளும் அமையவில்லை. என் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள், கையில் பிடித்திருந்த தலையைப் பார்க்கவில்லை. பார்க்காதது மட்டுமா, பூசி மறைத்தேன்.

தம்பியிடம் சொன்னபோது அவன் அழவில்லை. "உனக்கும் இருக்காக்கா?" என்று மட்டும் கேட்டான்.

போன ஞாயிறு கூப்பிட்டான். "பார்க்க வர்றவங்க என்னைக் கிழவன்னு நினைச்சுக்கிறாங்க. பூசிவிடுக்கா."

ஸ்டூலில் உட்காரத் தெம்பில்லை. கட்டிலில் சாய்த்துவைத்தே பூசினேன். மிச்சத்தை வழக்கம்போல் என் தலையில் தடவிக்கொண்டேன்.