செருப்பில்லாத கதவு

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை டீச்சர் என்று பெயர். கணக்கு டீச்சர், அறிவியல் டீச்சர் மாதிரி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஊரிலிருக்கும் பட்டறை, அச்சகம், கிடங்கு என்று கூட்டிப்போய், இப்படியெல்லாம் பிழைப்பு இருக்கிறது, உனக்கு எது ஒத்துவரும் பார் என்று காட்டுவது அவள் பொறுப்பு. கேட்டு வாங்கியது இல்லை. "இதை யார் பார்த்துக்கறீங்க?" என்று தலைமையாசிரியை கேட்டபோது மற்றவர்கள் எல்லாம் குனிந்து பேனாவைத் தேடினார்கள். இவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மாட்டிக்கொண்டாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை எங்கு தேடினாலும் கிடைக்காது. குக்கர் விசில் அடித்தாலே தூக்கிவாரிப் போடும். அவள் புருஷன் தையல்காரன், வாய் சும்மா இருக்காது.

"லேத்துப் பட்டறைக்குப் பசங்களக் கூட்டிட்டுப் போறியா? முதல்ல என் தையல் மிஷின் பக்கத்துல கண்ண மூடாம நில்லு, பாப்போம்."

ஆனாலும் போனாள். "இருக்கிற ஆளுங்களையே மேய்க்க முடியல, நீங்க வேற ஒரு மந்தைய ஓட்டிட்டு வர்றீங்களா?" என்று அச்சக முதலாளி எரிந்து விழுந்தார். அவள் வாசலை விட்டு நகரவில்லை. முடியாது என்கிறார்கள் என்று தலைமையாசிரியையிடம் போய்ச் சொல்வது அதைவிடப் பயம். முதலாளிகள் அதைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

அந்த அச்சகத்தில்தான் ஒரு பையனின் ஷூ காணாமல் போனது. மறுநாள் அவன் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து கிழி கிழியென்று கிழித்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து வேலை டீச்சர் ஒரு சட்டம் போட்டாள். எங்கே போனாலும் கழற்றிய ஷூவை வெளியே விடக்கூடாது. பைக்குள் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்து மீன் வைக்கும் குளிர்கிடங்கு. மெத்தை கனத்துக்கு ஒரு கதவு. அதற்குப் பின்னால் கூரை வரைக்கும் பெட்டிகள். கிடங்கு மேஸ்திரி நல்ல மனிதர். பிள்ளைகளுக்கு ரப்பர் பூட்ஸும் தடித்த கோட்டும் கொடுத்தார்.

"உள்ள போனா ஒரே எடத்துல நிக்கக்கூடாது, கண்ணுங்களா. நடந்துகிட்டே இருக்கணும். நின்னா ரத்தம் சோம்பேறி ஆயிரும்."

"ஏன் அங்கிள்? எவ்வளவு நேரத்துல ஆகும்? அந்த ஃபேன் எங்கேருந்து காத்து இழுக்குது?" இது ஒரு பெண். வகுப்பில் அவளைக் கேள்வி மூட்டை என்பார்கள்.

இரண்டு பிரிவாக உள்ளே போனார்கள். முதல் பிரிவு வெளியே வந்ததும் அவர்களோடு எடைபோடும் அறைக்குப் போய்விட்டாள் டீச்சர். இரண்டாம் பிரிவு வெளியே வரும் நேரம் பார்த்து லாரி ஒன்று வந்து நின்றது. ஒரே களேபரம். பூட்ஸை ஒரு தொட்டியில் எறிந்தார்கள், கோட்டுகள் மலையாகக் குவிந்தன. மேஸ்திரி கதவைச் சாத்தித் தாழிட்டு லாரிப் பக்கம் ஓடினார்.

வேனில் ஏற்றும்போது தலையை எண்ணினாள். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினாள். குறைந்தது.

"கேள்வி மூட்டை எங்கடா?"

"பாத்ரூம் போயிருப்பா டீச்சர்."

பாத்ரூமில் இல்லை. எடை அறையில் இல்லை. லாரிக்குப் பின்னால் இல்லை.  டீச்சர் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உள்ள... உள்ள பாருங்க."

"உள்ள யாரும் இல்ல, டீச்சரம்மா. பாத்துட்டுத்தான் சாத்தினேன்."

"உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"உள்ள எதுக்குப் போகணும்? செருப்பப் பாத்தாப் போதுமே. நாங்க யாரு உள்ள போனாலும் செருப்பக் கதவுகிட்ட விட்டுட்டுத்தான் பூட்ஸ் மாட்டுவோம். ஒத்தச் செருப்பு கெடந்தாலும் கதவச் சாத்த மாட்டோம். நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லருந்து இதான் பழக்கம். பாருங்க, தரை சுத்தமா இருக்கு."

அவள் பார்த்தாள். சுத்தமான, ஈரமான சிமெண்டுத் தரை. அவள் போட்ட சட்டம் அந்தத் தரையைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது. 

"ஷூ அவ பைக்குள்ள இருக்குங்க! நான்தான் போடச் சொன்னேன்! திறங்க!"

மேஸ்திரி கதவுக்குப் பாய்ந்தார். தாழை இழுத்த கை வழுக்கியது, மறுபடி இழுத்தார். கதவு திறந்ததும் வெள்ளைப் புகை காலைச் சுற்றியது.

டீச்சர் பூட்ஸ் மாட்டவில்லை. வெறும் சேலையோடு ஓடினாள். கூப்பிட்டால் குரல் பெட்டிகளுக்குள் போய்ச் செத்துவிடுகிறது. முதல் சந்தில் இல்லை. இரண்டாவதில் இல்லை. ஃபேன் இரைச்சலில் தன் மூச்சே அவளுக்குக் கேட்கவில்லை. செத்துக் கிடக்கும் பிள்ளையைத்தான் பார்க்கப் போகிறோம் என்று அவள் மனசு முடிவே கட்டிவிட்டது.

கடைசிச் சந்தில் ஃபேனுக்குக் கீழே ஒரு கோட்டு இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தது. புருவத்தில் பனி. உதடு கறுத்திருந்தது.

"ஃபேனப் பாத்துட்டு நின்னுட்டேன் டீச்சர். கதவுக்கு உள்பக்கம் பிடி இருந்துச்சு. ஐஸ் பிடிச்சு அசையல. தட்டினேன். யாருக்கும் கேக்கல. நிக்கக்கூடாதுன்னு சொன்னாரே, அதான் நடந்தேன்." பல் அடித்துக்கொண்டதில் பாதிச் சொல் உடைந்து வந்தது.

இரண்டு பேரையும் மேஸ்திரிதான் அணைத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். டாக்டர் பார்த்தார், விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்.  டீச்சர்தான் குடிக்கக் கொடுத்த தண்ணீரில் பாதியைச் சேலையில் கொட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் பெண்ணை வீட்டுக்குக் கூட்டிப் போனாள். தெருமுனையில் அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க டீச்சர். அப்புறம் என்னை எங்கயும் விடமாட்டாரு."

சொல்லாமல் விட்டிருக்கலாம். பெண்ணே அதைத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது அவர் பிள்ளை. சொன்னாள். ஷூ விஷயத்தையும் சேர்த்து, தன் வாயாலேயே சொன்னாள்.

அப்பா வீடுகளுக்கு வெள்ளையடிப்பவர். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்.

"இனிமே அனுப்ப மாட்டேன் டீச்சர்."

"சரிங்க."

அந்தப் பெண் இவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று தலைமையாசிரியையிடம் கேட்டாள். அவர் மற்ற டீச்சர்களைக் கேட்டபோது எல்லோரும் மறுபடி குனிந்துகொண்டார்கள். இந்தத் தடவை அவளும் குனியத்தான் நினைத்தாள். கதவோரத்துச் செருப்பு என்ன சொல்லும் என்று தெரியாதவள் ஒருத்தி பிள்ளைகளைக் கூட்டிப்போவாளே என்று தோன்றியதும் நிமிர்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் ரொட்டிக்கடை. கடைக்காரர் மாவுக் கையோடு வந்து, "வாங்க, என்னென்ன காட்டணும் சொல்லுங்க" என்றார்.

"உள்ள யார் யார் இருக்காங்கன்னு நீங்க எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

அவர் சிரித்தார். "இது என்ன கேள்விங்க? பாத்தாத் தெரியாதா?"

"பாத்தாத் தெரியாதுங்க." அவள் வாசலிலேயே நின்றாள். "சொல்லுங்க."

அவருடைய சிரிப்பு நின்றது.  பிறகு உள்ளே திரும்பி, அடுப்படியில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் குரல் கொடுத்துக் கூப்பிட ஆரம்பித்தார்.