எழுத்தில் வராத இருமல்

அவன் வந்தான் என்பவர்கள் ஒரு கட்சி. வரவில்லை என்பவர்கள் இன்னொரு கட்சி. வந்தால் என்ன வராவிட்டால் என்ன, படம் நன்றாக இருந்ததா இல்லையா என்று கேட்பவர்கள் மூன்றாவது கட்சி. அவர்களை யாரும் மதிப்பதில்லை. நானும் என் கணவரும் முதலில் வந்தான் கட்சியில்தான் இருந்தோம். நான் மட்டும் பிறகு மாறினேன். அந்த மாற்றத்தில் எங்கள் வீட்டில் ஒரு விஷயம் வெளியே வந்துவிட்டது.

ஒரு ஜப்பானிய அனிமே தொடரைப் பற்றிய சண்டை இது. சூரியனை விட்டு வெகு தொலைவில், எப்போதும் வெள்ளைத் தூசு பொழிந்துகொண்டே இருக்கும் ஒரு சின்னக் கோள். அங்கே விண்கலங்களுக்கு வழிகாட்டும் ஒரு விளக்கு நிலையம். அதில் ஒரே ஒரு பெண். அவளுடைய புருஷன் ஏறிப்போன கலம் பல வருடமாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் ரேடியோவில் அவன் கொஞ்ச நேரம் பேசுவான், அவள் பதில் சொல்வாள். கடைசிப் பகுதியில் கலம் வந்து இறங்குகிறது. கதவு திறக்கிறது, வெளிச்சம் கொட்டுகிறது, அவள் சிரிக்கிறாள். கதவில் நின்றது யார் என்று காட்டாமலே தொடரை முடித்துவிட்டார்கள். சண்டை மூட்டுவதற்கென்றே எடுத்தது மாதிரி இருக்கும்.

நாங்கள் அதைப் பார்த்தது குமாரபாளையத்தில், வீட்டை ஒட்டிய எங்கள் விசைத்தறிப் பட்டறைக்குள். இரண்டு தறிகளுக்கு நடுவில் உள்ள தூணில் ஆணி அடித்து, பஞ்சு படியாமல் இருக்க பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, போனை மாட்டியிருந்தார் அவர். தறி மேல் வைத்தால் போன் ஆட்டம் போட்டுக் கீழே விழுந்துவிடும். ஒரு கண் துணியில், ஒரு கண் படத்தில். இழை அறுந்தால் தறியோடு படத்தையும் நிறுத்திவிட்டு, முடிச்சுப் போட்டபின் தொடர்வோம். யாரோ ஒரு புண்ணியவான் அடியில் தமிழில் எழுத்துப் போட்டிருந்ததால் பிழைத்தோம். பட்டறைக்குள் இடி விழுந்தாலே கேட்காது, ஜப்பான்காரன் பேசுவதா கேட்கும்? சத்தத்தை அடைத்தே வைத்திருந்தோம்.

அப்படிப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. மதிய வெயில் கூரையில் பதித்த கண்ணாடி வழியாகச் சாய்ந்து விழும்போது அதில் பஞ்சு மிதக்கும். போனுக்குள் வெள்ளைத் தூசு, வெளியே வெள்ளைப் பஞ்சு. எது எந்தப் பக்கம் என்று சில சமயம் மறந்துபோகும். தறிச் சத்தம் ஓர் அளவுக்கு மேல் போனால் சத்தமாகவே இருக்காது. தண்ணீருக்கடியில் இருப்பது போலாகிவிடும். அந்தப் பெண் தன் கோளில் நடப்பாள், நான் என் தறிகளுக்கிடையில் நடப்பேன். அவள் தலையில் படிந்ததைத் தட்டிவிடும்போது என் கையும் தலைக்குப் போகும். அந்த நாட்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

தொடர் முடிந்ததும் அவர் போனில் ஒரு ரசிகர் குழுவில் சேர்ந்தார். சேலம், நாமக்கல், ஆத்தூர் பக்கத்து ஆட்கள். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். டீ நேரத்தில் இவர் ஒற்றைக் கட்டைவிரலால் பத்தி பத்தியாக எழுதுவார். "அவன் உயிரோடுதான் வந்தானுங்க. செத்தவன் எப்படிங்க பேசுவான்?" என்பதுதான் சாரம். வரவில்லை கட்சிக்காரர்கள் என்னென்னவோ சொல்வார்கள். கலத்தில் இருந்த இயந்திரம் அவனுடைய பழைய குரலை வெட்டி ஒட்டி அனுப்பியது, அந்த இருமலைக் கவனித்தவர்களுக்குத் தெரியும் என்று. எங்கள் இருவருக்கும் அது என்ன இருமல் என்று புரியவே இல்லை. ஒருநாள் ஆத்தூர்ப் பையன் ஒருவன், "அண்ணா, காதை வாடகைக்கு விட்டுட்டுப் பாத்தீங்களா?" என்று எழுதினான். இவர் என்னிடம் காட்டி, "பேச்சுல தோத்துட்டானுங்கன்னா இப்படித்தான் பேசுவானுங்க" என்றார். நானும் ஆமாம் போட்டேன்.

பிறகு தங்கச்சி வளைகாப்புக்கு நான் வாழப்பாடி போனேன், என் பிறந்த வீட்டுக்கு. விருந்து சாப்பிட்டுவிட்டு மொத்த வீடும் சாய்ந்துவிட்டது. எனக்குப் பகலில் தூக்கம் வராது. தங்கச்சியின் இயர்போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வேப்பமர நிழலில் கட்டிலைப் போட்டு, தொடரை முதலில் இருந்து ஓடவிட்டேன்.

தூசு விழுவதற்கு ஒரு சத்தம் இருந்தது. அரிசி களைவது போன்ற மெல்லிய சத்தம். அவள் நடந்தால் காலடி கேட்டது. அவள் குரல் நான் மனசில் வைத்திருந்ததைவிட வயதான குரல். எனக்குத் தெரிந்த ஊருக்குள் முதல் தடவையாக நுழைவது மாதிரி இருந்தது. வேப்பிலை நிழல் போன் மேல் அசைய, நான் எங்கேயோ போய்விட்டேன்.

அப்போதுதான் அது கேட்டது. 'சீக்கிரம் வந்துவிடுகிறேன்' என்று அவன் முடிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன இருமல். தொண்டையைச் செருமுகிற மாதிரி. அடுத்த பகுதியிலும் அதே இருமல். அதற்கடுத்ததிலும் அதேதான், அதே இழுப்பு, அதற்குப் பின்னால் ஏதோ ஸ்பூன் விழும் அதே 'ணங்'. ஒரு மனுஷன் ஒரே மாதிரி இரண்டு தடவை இருமக்கூட மாட்டான். ஆரம்பத்திலேயே அவன் செத்துப்போயிருக்கிறான். நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். எழுந்து வந்து பார்த்த அம்மா, வளைகாப்பில் யாரோ என்னை ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு சமாதானம் செய்தாள்.

ஊருக்குத் திரும்பியதும், பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாள் ஒன்று வந்தது. அன்று மட்டும் எங்கள் தெருவில் காக்கை கத்துவது கேட்கும். அவரைக் கூடத்தில் உட்காரவைத்து, இயர்போனை மாட்டிவிட்டு, அந்த இடத்தை ஓட்டிக் காட்டினேன்.

"கேட்டுச்சுங்களா?"

"என்னது?"

"இருமல்ங்க."

"எவன் இருமறான்? பேசறான், அப்பறம் அவ பேசறா. அவ்வளவுதானே."

சத்தத்தை முழுசாக ஏற்றினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே அந்த இருமல் இயர்போனில் இருந்து கசிந்து கேட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதாவது சொல்வேன் என்று.

நான் பேசும்போதெல்லாம் அவர் என் முகத்தையே பார்ப்பார். கல்யாணமான புதிதில் அதை நான் வேறு விதமாக எடுத்துக்கொண்டு பெருமைப்பட்டிருக்கிறேன், தோழிகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். இப்போது பார்த்தால் அவர் என் வாயைப் படித்துக்கொண்டு இருந்திருக்கிறார். தொடரை எழுத்தில் பார்த்தது போலத்தான் என்னையும் பார்த்திருக்கிறார்.

டாக்டரிடம் போகலாம் என்று சொன்னேன். "காதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நீ அந்தக் கட்சிக்குப் போயிட்டே, அதைச் சொல்லு" என்று சிரித்தார். விடாமல் சொன்னேன். சிரிப்பு போய்க் கோபம் வந்தது. "பட்டறையிலயே பொறந்து வளந்தவனுக்கு நீ காதைப் பத்திச் சொல்றியா?" எனக்கும் வாய் சும்மா இருக்காது. அன்று சாயங்காலம் தறி ஓடத் தொடங்கிய பிறகும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் ஒத்துக்கொள்ளாமல் அவரை டாக்டரிடம் கூட்டிப் போக முடியாது. ஒத்துக்கொள்ள வைக்க எனக்கு வழி தெரியவில்லை. நாள் போகப் போக மிச்சமிருப்பதும் போய்விடுமே என்பதுதான் என் பயமெல்லாம்.

இதற்கிடையில் ரசிகர் குழு நேரில் கூடுவதாக முடிவு செய்தது. ஞாயிற்றுக்கிழமை, கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையின் மாடி. வந்தான் கட்சி சார்பில் பேசுகிறேன் என்று இவர் பெயர் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்றால் இன்னும் முறுக்கிக்கொள்வார். அத்தனை பேருக்கு முன்னால் அவமானப்பட்டு வரப்போகிறாரே என்று மனசு அடித்துக்கொள்ள, நானும் வருகிறேன் என்று கிளம்பினேன்.

அங்கே மேகம் மலையை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வறுகடலை தின்றுகொண்டிருந்தார்கள். கூட்டத்தை நடத்தியவர்தான் தமிழில் எழுத்துப் போட்ட அந்தப் புண்ணியவான். சேலத்துக்காரர், ஒல்லியாக, கூச்ச சுபாவத்தோடு இருந்தார். என் கணவர் எழுந்து, செத்தவன் பேச மாட்டான் என்ற தன் பழைய கச்சேரியை ஆரம்பித்தார். அவர் முடித்ததும் எழுத்துப் போட்டவர், "ஒருதரம் போட்டே காட்டிடறேங்க" என்று பெரிய ஸ்பீக்கரில் அந்த இடத்தை ஓடவிட்டார்.

இருமல் அறை முழுக்கக் கேட்டது. அடுத்த பகுதியின் இருமல். அதற்கடுத்தது. ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். என் கணவர் சுற்றிலும் பார்த்தார். எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் ஆடுவதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் இருந்ததை அவர் படித்துக்கொண்டார்.

உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன்.

"எனக்குக் கேக்கலீங்க" என்றார். "நீங்க அல்லாரும் தலையாட்டுனதுலதான் தெரிஞ்சுக்கிட்டேன். நாங்க தறி ஓட்டறவங்க."

யாரும் சிரிக்கவில்லை. அந்த ஆத்தூர்ப் பையன் அங்கே இருந்திருந்தால் தலை குனிந்திருப்பான்.

"ஆனா ஒண்ணு சொல்றேனுங்க. அவ மேசையில டம்ளர்ல தண்ணி வெச்சிருப்பா, பாத்தீங்களா? முதல்ல இருந்து கடைசி வரைக்கும் அந்தத் தண்ணி ஆடிக்கிட்டே இருக்கும். எங்க ஊட்லயும் அப்படித்தானுங்க ஆடும். அது அந்த வெளக்கு நெலயத்து எஞ்சினு. எத்தனையோ வருசமா அந்தச் சத்தத்துலயே கெடந்தவளுக்கு இந்த இருமலு கேட்டிருக்குங்களா? உங்களுக்குக் கேக்குது, செரி. அவளுக்குக் கேட்டிருக்காதுங்க. அவளுக்கு அவன் வந்துட்டானுங்க."

எஞ்சின் சத்தம் தொடரில் இருந்தது உண்மைதான். நான் கேட்டுப் பழகிய சத்தம் என்பதால் வேப்பமரத்தடியில்கூட அதைத் தனியாகக் கவனிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "அண்ணா, அவ ஹெட்செட் போட்டிருக்கா" என்றாள். "காதே போனவளுக்கு ஹெட்செட் போட்டு என்ன பண்றது?" என்றான் பக்கத்தில் இருந்தவன். அப்புறம் பிடித்துக்கொண்டது சண்டை. இரண்டு கட்சியும் உடைந்து நாலு கட்சியாகி, வறுகடலைப் பொட்டலம் காலியான பிறகும் முடியவில்லை. எழுத்துப் போட்டவர் மட்டும் இவரிடம் வந்து, "இருமலையும் எழுதியிருக்கணுமுங்க, எனக்குத் தோணவே இல்லை" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கொடுத்தார். மேகம் பின்னால் போய், சங்ககிரி பக்கம் வெயில் வந்தது. தோற்றார் என்றும் சொல்ல முடியாது, ஜெயித்தார் என்றும் சொல்ல முடியாது. அதைச் சொல்லிக் கிண்டல் செய்யலாம் என்று திரும்பினேன். அவர் முன்சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"நாளைக்கே டாக்டர்கிட்டப் போலாம்" என்றார்.

"சரிங்க."

"ஏம்புள்ள, இத்தன நாளா நீ பேசுனதுல எனக்குக் கேக்காம எவ்வளவு போயிருக்கும்?"

இருட்டில் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னவை, அடுப்படியில் இருந்து சொன்னவை, கோபத்தில் முணுமுணுத்தவை, வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னவை எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. பதில் வராத போதெல்லாம் கல்நெஞ்சு என்று நினைத்திருக்கிறேன்.

"நெறைய" என்றேன்.

அவர் என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். "முதல்ல இருந்து சொல்லு" என்றார்.

கல்யாணமாகி வந்த நாளில் இருந்து ஆரம்பித்தேன். பஸ் எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. முன்சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கப்பட்டு மெதுவாகச் சொன்னவற்றைக்கூட நான் கத்தியே சொன்னேன்.