கவுன்டருக்கு இந்தப் பக்கம்

பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரனுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்த அன்று, என் பழைய மைவி காரில்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சில நாள் பேச்சே இல்லை. பிறகு ஒரு காலை வாய் திறந்தது. திறந்ததும் வந்தது இங்கிலீஷ்.

"ஹேவ் எ சீட்," என்றார், கட்டிலருகே நின்றிருந்த மனைவி லோகேஸ்வரியைப் பார்த்து.

அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். "தண்ணி வேணுமாங்க?" என்று கேட்டாள். அவருக்குப் புரிந்தது, தலையசைத்தார். ஆனால் தமிழில் ஒரு சொல்கூட வரவில்லை. "ப்ளீஸ் டேக் எ நம்பர்," என்றார்.

பிரிக்பீல்ட்ஸில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில், வருகிறவர்களைக் கவனிக்கும் கவுன்டரில் வேலை அவருக்கு. இளவயதில் போய் உட்கார்ந்தவர், விழுந்த நாள்வரை அதே நாற்காலிதான். கிள்ளானிலிருந்து விடிகாலை ரயிலில் போவார், இருட்டிய பிறகு வருவார். எங்கள் தாமான் குடியிருப்பில் அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது ஒன்றே: அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார். நம் ஆட்களிடம் அது போதும், அந்த ஆள் பாதி தெய்வம். தெய்வம் பேசவேண்டும் என்று யார் எதிர்பார்க்கிறார்கள்?

கேரி தீவிலிருந்து அவர் அண்ணன் தம்புசாமி பார்க்க வந்தார். தம்பி அவரையும் "ஹேவ் எ சீட்" என்றதும் முகம் சுண்டிப்போனது.

"எஸ்டேட்ல பொறந்தவன்தானே இவனும்? வாய் கோணிப்போயும் இங்கிலீஷ் திமிரு போகல பாருங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணே, அவரு திமிருல பேசல. அது மட்டுந்தான் மிச்சம் இருக்கு அவருக்கு," என்றேன். மனிதர் கொண்டுவந்த பழத்தை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் மிஸ் டான் என்ற சீனப் பெண். நான் பள்ளிக்கூட ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தவள் என்பதால் அவர் இங்கிலீஷில் சொன்னதை லோகேஸ்வரிக்குத் தமிழில் சொல்வது என் வேலை. சில சொற்கள் ஜோடியாகவே நடக்கும் என்றார் மிஸ் டான். வெள்ளைக்காரன் தவறைச் செய்வதில்லை, 'மேக்' பண்ணுகிறான். குளியலை 'டேக்' பண்ணுகிறான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது, சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்டவை. சொல்லைத் தேடி எடுக்கிற இடம் மூளையில் கெட்டுப்போனாலும், இப்படி ஒட்டிக்கொண்டவை சிலருக்குத் தப்பிவிடுமாம். முன் பாதியை நாம் சொன்னால் பின் பாதி தானாக வருமாம்.

"மேக் எ..." என்று நிறுத்தினார் மிஸ் டான்.

"பேமென்ட்," என்றார் பரமேஸ்வரன்.

"ஃபில் அப் த..."

"ஃபார்ம்."

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவள் லோகேஸ்வரி. அன்றிலிருந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டே இங்கிலீஷ் படித்தாள். அவருக்கு முன் பாதியை எடுத்துக் கொடுக்க வேண்டுமே.

"குளிக்கிறதுக்கும் டேக், மருந்துக்கும் டேக், போட்டோவுக்கும் டேக். இவங்களுக்கு எல்லாமே டேக்தானாக்கா?"

"நமக்கு எல்லாமே போடு இல்லியா? டீ போடு, சண்டை போடு, ஊசி போடு, கையெழுத்துப் போடு."

வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்போ தமிழ்லயும் முன்பாதிய எடுத்துக் குடுத்தா வருமில்லக்கா?"

அதுதான் அவளைப் பிடித்துக்கொண்ட ஆசை. அவர் வாயிலிருந்து தமிழில், தனக்கென்று, ஒரு சொல். "என் பேரு வேணாம். 'இந்தாம்மா'ன்னு வந்தாக்கூடப் போதும்," என்பாள். அவர் முன்னால் நின்றுகொண்டு, "டீ..." என்பாள். "கதவ..." என்பாள். "போயிட்டு..." என்பாள். அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் வராது.

மிஸ் டானிடம் கேட்டோம். "வீட்டில் தினமும் உங்களிடம் என்ன சொல்வார்? திரும்பத் திரும்பச் சொன்னது ஏதாவது? அதிலிருந்து தொடங்குங்கள்," என்றார். நான் தமிழில் சொன்னேன். லோகேஸ்வரி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

காரில் வரும்போதுதான் அழுதாள். "ஒன்னும் ஞாபகம் வரலக்கா. டீ வேணும்னா கப்ப மேசையில ரெண்டு தட்டுத் தட்டுவாரு. கேட் சத்தம் கேட்டா கிளம்பிட்டாருன்னு அர்த்தம். தட்டுக்கு முன்னால உக்காந்தா பசின்னு அர்த்தம். நானும் எல்லாத்தையும் சத்தத்துலயே புரிஞ்சுக்கப் பழகிட்டேன்."

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அந்த மனிதர்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நோயாளியைத் திட்டக்கூடாது என்று வண்டியை ஓட்டினேன்.

ஒரு சனிக்கிழமை, அவரோடு வேலை பார்த்த ரிஸ்வானா என்ற பெண் வீட்டுக்கு வந்தாள். "ஹேவ் எ சீட்," என்றார். உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவர் சற்று முன்னால் சாய்ந்து, "எஸ் மேடம், ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?" என்றார். அந்தப் பெண் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கவுன்டர்ல இப்படித்தான் ஆன்டி. வயசானவங்க எல்லாம் அங்கிள்கிட்டதான் வருவாங்க. புருஷன் செத்துப்போய் க்ளெய்முக்கு வர்ற பொம்பளைங்க அழுதுக்கிட்டே கதை சொல்லுவாங்க. பின்னால கியூ எவ்ளோ நீளமா இருந்தாலும், 'டேக் யுவர் டைம்'னு சொல்லிட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பாரு. அவ்ளோ பொறுமை லா."

லோகேஸ்வரி காலிக் கப்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றிருந்தாள். "இவ்ளோ பொறுமை இருந்துச்சாக்கா அவருக்கு?" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் முன்னால் அவள் உட்காரவே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ முறை "ஹேவ் எ சீட்" என்பார். "நான் கஸ்டமர் இல்லீங்க," என்பாள். நின்றுகொண்டே கஞ்சி ஊட்டினாள், நின்றுகொண்டே உடம்பு துடைத்தாள். பிடிவாதக்காரி. தனக்கான சொல் வந்தால்தான் உட்காருவது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

தீபாவளி முடிந்து இரண்டாவது தடவை ஸ்ட்ரோக் வந்தது. இனி கையில் ஒன்றும் இல்லை, பார்க்கவேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மத்தியானம் பார்வை நேரம். அவர் கண் மட்டும் திறந்திருந்தது. லோகேஸ்வரி வழக்கம்போல் நின்றாள். வெகுநேரம் நின்றாள். பிறகு குனிந்து, அவர் காதருகில், தானே முன் பாதியை எடுத்துக் கொடுத்தாள்.

"ஹேவ் எ..."

உதடு அசைந்தது. காத்திருந்தாள்.

"சீட்," என்றார்.

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கண் அவள்பக்கம் திரும்பியது. "எஸ் மேடம்," என்று காற்றாக வந்தது. "ஹவ் கேன் ஐ ஹெல்ப்..."

முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவளைப்போலவே லோகேஸ்வரி தமிழில் சொன்னாள்: "எனக்கு ஒரு கம்ப்ளெய்ன் இருக்குங்க."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நம்ம பாப்பா வயித்துலயே போன அன்னிக்கு, என்னை வார்டுல விட்டுட்டு நீங்க வேலைக்குப் போயிட்டீங்க. நான் வீட்டுக்கு வந்தப்புறமும் ஒரு வார்த்தை கேக்கல. கப்பத்தான் தட்டுனீங்க. நானும் எந்திரிச்சு வந்து டீ போட்டேன்."

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. புரிந்து வழிந்ததா, நோயில் வழிந்ததா, எனக்குத் தெரியாது. "டேக்..." என்றார். மூச்சு வாங்கியது. "டேக் யுவர் டைம்."

நான் வெளியே வந்துவிட்டேன். வராந்தாவில் நின்று அழுதேன். இத்தனை வருஷம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தும், அந்தக் குழந்தை விஷயம் எனக்கே அன்றுதான் தெரிந்தது. நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை உள்ளே அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் பார்வை நேரத்துக்கு முன்பே அவர் போய்விட்டார்.

கருமாதி முடிந்து சொந்தபந்தம் எல்லாம் கிளம்பிய பிறகு, இருவரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"எல்லாத்தையும் அவருகிட்ட சொல்லிட்டியாடி?"

"இல்லக்கா," என்றாள். "டேக் யுவர் டைம்னாரு. நானும் அவசரப்படாம சொன்னேன். பாதிதான் ஆச்சு."