பொத்துவில் கலியாணத்துக்கு ஊசியோடு போனோம்

கல்முனைச் சந்தியிலிருந்து காலை ஏழரை மணி பஸ் புறப்பட்டபோது என் மடியில் இரண்டு பாரம். ஒன்று என் ஆறு வயது மகள் ஜெமீலா. மற்றது ஒரு சின்ன மண்முட்டி. முட்டிக்குள் ஈர மணல், மணலுக்குள் இன்சுலின் போத்தல். மருந்துக்குச் சூடு ஆகாது. மருந்து கெட்டால் என் மகளுக்கு நாளை இல்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. கம்பனி பஸ்கள் ஓடிய காலம். கல்முனையிலிருந்து பொத்துவில் நாற்பது மைலுக்குக் கொஞ்சம் மேலே. ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு ரூபாய், பிள்ளைக்கு அரை டிக்கட். என் பெரியும்மாவின் மகள் சபியா ராத்தா, தன் மகள் நபீசாவின் கலியாணத்துக்கு எங்களை அழைத்திருந்தா. போகவேண்டாம் என்று மருதமுனையில் எங்கள் தெருவே சொன்னது. என் கணவரின் ராத்தா, அவருடைய மூத்த சகோதரி, வாசலில் நின்று, "ஊசி போடுற புள்ளைய ஆரும் ஊரூராக் கொண்டு திரிவாங்களா? வீட்டோட வெச்சிரு" என்றா. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் பேச்சு வந்த நாளிலிருந்து அவ பாடும் பாட்டு இதுதான். என் கணவர் இடையில் அகப்பட்டுத் தவித்தார். கடைசியில், "இந்தப் பயணம் சுகமா முடிஞ்சா பள்ளிக்கூடம். இல்லாட்டி வீடுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எங்களோடு ஏறினார்.

ஆகவே நான் கலியாணத்துக்குப் போகவில்லை. என் மகளைச் சோதனைக்குக் கூட்டிப் போனேன். அவளுடைய சட்டைப் பையில் ஒரு துணி முடிச்சில் கற்கண்டு இருந்தது. டொக்டர் சொல்லித் தந்தது அது. ஊசி போட்டபின் சாப்பாடு பிந்தினால் இரத்தத்தில் சீனி குறைந்துவிடும். கை நடுங்கும், வியர்க்கும், பிள்ளை தடுமாறும். அப்போது உடனே இனிப்புக் கொடுக்கவேண்டும்.

சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று பஸ் ஊர்ந்தது. எல்லா ஊரிலும் ஆள் ஏறியது, ஒருவரும் இறங்கியதாகத் தெரியவில்லை. ஒலுவிலில் ஏறிய ஒரு மனிசி என் முட்டியை எட்டிப் பார்த்தா.

"தயிரா புள்ள?"

"இல்ல, மருந்து. மகளுக்குச் சீனி வருத்தம்."

"அல்லாஹ்வே! அது வயசு போனவங்களுக்கு வார வருத்தமெல்லோ?"

அவ்வளவுதான். முழு பஸ்ஸும் வைத்தியராகிவிட்டது. ஒருவர் பாகற்காய்ச் சாறு என்றார், ஒருவர் வெந்தயம் என்றார், பின்வாங்கிலிருந்து ஒருவர் ஓதிய தண்ணீர் என்றார். அக்கரைப்பற்றுக்குப் போகுமுன் காட்டில் முளைத்த அத்தனையையும் பேச்சிலேயே என் மகளுக்குக் கொடுத்து முடித்துவிட்டார்கள். ஊசியை விடு என்று ஒருவர் சொன்னபோது மட்டும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊசிய விட்டா இவ மவுத்து. அதுக்குப் பிறகு வெந்தயம் ஆருக்கு?" என்றேன். வைத்தியம் அத்தோடு நின்றது.

திருக்கோவில் தாண்டியதும் இரு பக்கமும் காடு. ஜெமீலா என் காதுக்குள், "உம்மா, ஒண்டுக்கு" என்றாள். இந்த வருத்தக்காரப் பிள்ளைக்கு அதை அடக்கச் சொல்ல ஏலாது.

"டிறைவர் காக்கா, கொஞ்சம் நிப்பாட்டுங்க."

"இதில ஏலா தங்கச்சி. ஆனை நிக்கிற இடம். கோமாரி வரட்டும்."

"ஆனை வந்தா அதோட நான் கதைக்கிறன். நீங்க நிப்பாட்டுங்க."

பஸ் சிரித்தது, ஆனால் நின்றது. ஆனையும் வரவில்லை.

நண்பகல் தாண்டிப் பொத்துவிலில் இறங்கினோம். கடற்காற்று மணலோடு முகத்தில் அறைந்தது. கலியாண வீட்டு வாசலில் கால் வைக்குமுன்பே தொதல் என்ற இனிப்புத் தட்டோடு சபியா ராத்தா வந்துவிட்டா. பின்னால் வட்டிலப்பம், அதன் பின்னால் பயத்தம்பணியாரம். எங்கள் பக்கத்தில் விருந்தாளி வேண்டாம் என்றால் வீட்டுக்காரரின் முகத்தில் அடித்த மாதிரி. நான் அடிக்கத்தான் வேண்டியிருந்தது.

"ராத்தா, கோவிக்காதீங்க. இவவுக்குச் சீனி விசம். ஒரு துண்டும் குடுக்கப்படா. ஆரும் குடுக்கப்படா."

ராத்தா நெஞ்சில் கை வைத்தா. பிறகு அவ செய்ததைப் பார்த்து எனக்கே மலைப்பு. சீனிப் பேணியை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினா. வீட்டுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "ஜெமீலாக்கு இனிப்புக் குடுத்தா முதுகுத் தோல் உரிஞ்சிடும்" என்று எச்சரித்தா. ஊருக்கு ஒரு சபியா ராத்தா இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகக் கால் நீட்டினேன்.

மஃரிப் தொழுகை முடிந்தது. பந்தலில் பெற்றோல்மாக்ஸ் விளக்குகள் சீறின. மாலை ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பாடு வேண்டும். அதனால் ராத்தாவிடம் இரண்டு தரம் கேட்டேன்.

"மாப்பிள தெரு முனைக்கு வந்திட்டார். சகன் வெக்கிறாங்க. நீ போடு" என்றா. சகன் என்பது ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒன்றாக உண்ணும் பெரிய தட்டு.

கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து, மருந்தை அளந்து போட்டேன். ஜெமீலா பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை தெரு முனையில்தான் நின்றார், மெய்தான். ஆனால் முன்னால் பொல்லடிக்காரர், கோலாட்டம் போலப் பொல்லைத் தட்டி ஆடுபவர்கள். வாசலுக்கு வாசல் நின்று பொல்லடித்தார்கள். ஒரு வாசல் முடிந்தால் அடுத்த வாசல்காரர் விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அமர்ந்து கை வைக்குமுன் சோற்றுக் கிடாரம் திறக்கும் வழக்கமும் இல்லை. நான் கோப்பையோடு பின்வளவுக்கு ஓடினேன். சமையற்காரர் மூடியில் கை வைத்துக்கொண்டு, "சபையில கை நனைக்க முந்தி ஏலா தங்கச்சி" என்றார். அவரோடு வாய்ச்சண்டை போட்டு ஒரு கோப்பைச் சோறு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஜெமீலா சுவரில் சரிந்து கிடந்தாள். சட்டை நனைந்திருந்தது. சோற்றை வாயில் வைத்தேன், மெல்லத் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள், யாரோ அந்நிய மனிசியைப் பார்ப்பது போன்ற பார்வை அது. சட்டைப் பையில் கை விட்டேன். கற்கண்டு இல்லை.

"ராத்தா! கற்கண்டு எங்க?"

"அதையா? ஒளிச்சி வெச்சிருந்தா கள்ளி. அப்பவே கண்டுபுடிச்சி கோழிக்கு எறிஞ்சிட்டன்" என்றா ராத்தா, பெருமையாக.

"அலுமாரியத் திறங்க! சீனி தாங்க, கெதியா!"

ராத்தா திறப்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டா. "விசமெண்டு நீதானே சொன்ன! புள்ளைக்கி என்னவும் நடந்தா ஆர் பதில் சொல்ற? நான் தரமாட்டன்."

நான் சொன்னதெல்லாம் அவவுக்கு மனப்பாடம். அதைத் திருப்பி எடுக்க எனக்கு நேரமில்லை. பெண்கள் கூடி ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பேய் என்றது ஒரு குரல்.

அப்போது பட்டுச்சேலை சரசரத்தது. மணப்பெண் நபீசா எழும்பியிருந்தாள். தலை நிமிரவும் வாய் திறக்கவும் கூடாத பெண் அன்று அவள் ஒருத்திதான். அவள் பக்கத்தில் தாம்பாளத்தில் மாப்பிள்ளைக்கென்று சீனி கரைத்த பாலும் பழமும் மூடி வைத்திருந்தன. பாலை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"இந்தாங்க சாச்சி, பருக்குங்க."

"அடியேய்! மாப்பிளக்கி வெச்ச பால்!" என்று கத்தினா ராத்தா.

"மாப்பிளக்கி வேற பால் காச்சுங்க உம்மா" என்றாள் நபீசா.

நிமிர்த்தி வைத்து, சொட்டுச் சொட்டாகப் பருக்கினேன். முதலில் கடைவாயால் வழிந்தது. பிறகு ஒரு மிடறு இறங்கியது. பிறகு இன்னொன்று. பாதிக் கோப்பை முடியும்போது கண்ணில் ஒளி வந்தது. நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்க, "உம்மா, இதில சீனி போட்டிரிக்கி!" என்று என்னைக் குற்றம் பிடித்தாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது.

சபியா ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினா. "கூடினாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து ராத்தா. குறைஞ்சா சீனிதான் மருந்து" என்று அப்போதுதான் முழுக்கதையையும் சொன்னேன். ஜெமீலா என் மடியில் கிடந்து சோற்றை மென்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். மாப்பிள்ளை ஒருவழியாக வந்து, புதிதாகக் காய்ச்சிய பாலைக் குடித்தார். வானம் இடிந்து விழவில்லை.

மறுநாள் விடியற்காலையில் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிப் பார்த்தேன். செங்கல் நிறம் வந்தது, சீனி ஏறியிருந்தது. ஏறட்டும். பிள்ளை பக்கத்தில் இருந்து வேடிக்கை பார்க்கிறாள், அது போதும். அவளுக்கு ஊசியைப் போட்டு, சாப்பாடும் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினோம்.

இரவு நடந்தது முழுவதும் ஆண்கள் பக்கம் போய் என் கணவருக்கும் தெரிந்திருந்தது. இனி வீடுதான், தீர்ப்பு மாறாது என்று நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடலும் காடும் மாறி மாறிப் போயின. கல்முனையில் இறங்கியதும் அவருடைய ராத்தா என்ன சொல்லுவா என்று எனக்கு எழுத்துப் பிசகாமல் தெரியும்.

தம்பிலுவிலில் ஏறிய ஒரு மனிசி ஜெமீலாவின் கன்னத்தைக் கிள்ளி, ஒரு தோடம்பழ இனிப்பை நீட்டினா. நான் தடுக்க வாயெடுக்குமுன் மகள் பேசினாள்.

"இப்ப வேணா மாமி. எனக்குச் சீனி வருத்தம். கை நடுங்கினா மட்டும்தான் தின்னுவன்." சொல்லிவிட்டு, இனிப்பை வாங்கிச் சட்டைப் பையில் போட்டு, பையைக் கையால் பொத்திக்கொண்டாள். "இத ஆரும் கோழிக்கி எறியப்படா."

என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"புள்ள, பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கிட்ட இந்த நடுக்கத்தப் பத்திச் சொல்லி வெக்கணுமே. நீ சொல்றயா, நான் சொல்லட்டா?"

"நான் சொல்றன் வாப்பா" என்றாள் ஜெமீலா.