ஏழுமலை மாமா வீட்டில் வைத்த பை

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். கையெல்லாம் கீரை, அதனால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கேட்டேன். இரண்டு இடத்திலிருந்து அவளுக்கு மெயில் வந்திருக்கிறதாம். ஒன்று நிரந்தர வேலை. மற்றது பெரிய பேங்க் ஒன்றில் ஆறு மாத இன்டர்ன்ஷிப். பெயரைச் சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களாம். "எதும்மா எடுக்கட்டும்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "உன்ன கேட்டு என்ன பிரயோஜனம்? உனக்குத்தான் சாய்ஸே கிடைக்கலியே. ஏழுமலை தாத்தா கெடுத்துட்டாரே" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். கீரையோடு காம்பையும் உருவிப் போட்டிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

இன்டர்ன்ஷிப் என்ற சொல் அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்குள் முதலில் நுழைந்தது தொண்ணூறுகளின் பின்பாதியில். கொண்டுவந்தவள் நான்தான். வேலூரில் ஹாஸ்டலில் தங்கி எம்.காம். முடித்திருந்தேன். மெட்ராஸில் ஒரு வெளிநாட்டு பேங்க். எங்கள் கல்லூரியிலிருந்து இரண்டே பேரைத்தான் எடுத்தார்கள், அதில் நான் ஒருத்தி. அப்பா நிலக்கடலைச் செடி உலுப்பிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, "வேலைக்கு சேர்றதுக்கு முன்னாடியே வேலை பாக்கணுமா? அப்புறம் வேலை குடுப்பானா?" என்றார். "குடுத்தாலும் குடுப்பாங்க, குடுக்காமலும் போவாங்க" என்றேன். அவர் கையிலிருந்த செடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பச்சைக் கடலையின் மண்வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்தப் பார்வைதான் ஞாபகம் வரும்.

அந்த பேங்க் நேர்காணலைப் பற்றி ஊரில் நான் சொல்லாத ஒன்று உண்டு. கண்ணாடிக் கதவைத் திறந்ததும் ஏசிக் குளிரும் கார்பெட் வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தது. அவ்வளவு சுத்தமான தரையைப் பார்த்ததும், கோயில் வாசலில் விடுவது போலச் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய்விட்டேன்! உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் குதிகால் செருப்பு. கேள்வி கேட்ட அம்மாள் ஒரு தடவை என் காலைப் பார்த்தார், அவ்வளவுதான், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. இடம் கிடைத்த சந்தோஷத்தைவிட அந்தக் கால் பார்வைதான் எனக்குள் பெரிதாக உட்கார்ந்துவிட்டது.

இந்தப் பக்கம் ஏழுமலை மாமா. அம்மாவின் தம்பி. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டுக்கடன் கம்பெனியில் பியூன். அங்கே கணக்குப் பிரிவில் இடம் காலி என்று தெரிந்ததும் மேனேஜரிடம் தலையைச் சொறிந்து சொறிந்து எனக்காகப் பேசிவிட்டார். நிரந்தர வேலை. ஒரே நிபந்தனை, ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் இரண்டு வருஷத்துக்கு அவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அந்தக் காலத்தில் பல கம்பெனிகளில் அப்படித்தான். மெட்ராஸ் பேங்க்கிலும் முதல் நாளே ஒரிஜினலைக் காட்டச் சொல்லியிருந்தார்கள். பாருங்கள் கூத்தை, இரண்டு இடத்திலும் சேர வேண்டியது ஒரே திங்கட்கிழமை.

"உன் இஷ்டம்" என்றுவிட்டார் அப்பா. நான் ஊர் முழுக்க மெட்ராஸ் மெட்ராஸ் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேனே தவிர, மாமாவிடம் மட்டும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "யோசிச்சு சொல்றேன் மாமா" என்று இழுத்தேன். அவரும் பாவம், "ஒண்ணும் அவசரமில்ல பாப்பா" என்று காத்திருந்தார்.

அம்மாவின் கவலை வேறு. காலண்டரைக் கிழித்துப் பார்த்துவிட்டு, "திங்கக்கெழம கெழக்க சூலம்டி. எங்க போறதா இருந்தாலும் கெழக்கதானே?" என்றாள். எங்கள் ஊரிலிருந்து வேங்கிக்காலும் கிழக்கு, மெட்ராஸும் கிழக்கு. போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். இதற்கெல்லாம் அம்மாவிடம் ஒரு வழி இருந்தது. பரஸ்தானம். நல்ல நாளில் கிளம்ப முடியாவிட்டால், போகிற திசையில் இருக்கும் வேறொரு வீட்டில் பையை மட்டும் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பியது போலத்தான். அதன் பிறகு பை வீடு திரும்பக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா என் பையை சைக்கிள் கேரியரில் கட்டி மாமா வீட்டில் வைத்துவிட்டு வந்தார். இரண்டு புடவை, சீப்பு, சர்டிபிகேட் கவர். கிழக்குப் பக்கம் எங்களுக்கு வேறு சொந்தமில்லை, அதனால் அங்கே. அவ்வளவுதான் காரணம்.

ஞாயிறு மதியம் நடந்தும் ஷேர் ஆட்டோவிலுமாக வேங்கிக்கால் போய்ச் சேர்ந்தேன். பையை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் பஸ் பிடிப்பதாகத் திட்டம். மாமா வாசலிலேயே நின்றிருந்தார், முகமெல்லாம் பல். "எல்லாம் முடிச்சிட்டேன் பாப்பா! நேத்தே சார் கையில குடுத்துட்டேன்."

"இன்னாத்த மாமா?"

"உன் சர்டிபிகேட்டத்தான். பரஸ்தானமே என் வூட்டுக்கு வந்துடுச்சு. அப்புறம் நீ வேற எங்க போவப்போற?"

அவர் பேரில் தப்பே இல்லை. பை தன் வீட்டுக்கு வந்தால் அந்தப் பெண் தன் ஆபீஸில் சேரப்போகிறாள் என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்? நான் திண்டாடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் சொந்த ஊருக்குப் போயிருந்தார், பீரோ சாவியும் அவரோடு போயிருந்தது. மாமா அன்று சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கும்போது நாங்கள் வாசலில் நின்றோம். மேனேஜர் வந்தார், என்னை உள்ளே கூப்பிட்டார், மாமாவை டீ வாங்க அனுப்பினார். நான் விவரம் சொன்னேன். அவர் பீரோவைத் திறந்து என் கவரை எடுத்து மேஜைமேல் என் பக்கமாக வைத்தார்.

"இன்னும் எதிலயும் எழுதலம்மா. தாராளமா எடுத்துட்டுப் போங்க. மெட்ராஸுக்கு நானே போன் போட்டு, நாளைக்கு வருவாங்கன்னு சொல்றேன். அதுல ஒண்ணும் கஷ்டமில்ல."

கவர் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. எடுத்திருக்கலாம். ஆனால் எனக்கு அந்தக் கண்ணாடிக் கதவு ஞாபகம் வந்தது, குதிகால் செருப்புகள் ஞாபகம் வந்தன. பயம். வேறு பெயர் சொல்லி அதை அழகுபடுத்த விரும்பவில்லை. "வேணாம் சார், இங்கயே சேர்ந்துக்கறேன்" என்றேன். சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அப்பாடா என்று இருந்தது, நிஜமாகவே.

டீயோடு வந்த மாமா என் முகத்தைப் பார்த்தார். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "இங்கயேதான் மாமா" என்றேன். மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கவரைத் திருப்பித் தரவில்லை என்று அவராகவே நினைத்துக்கொண்டார். ஊரில் மெட்ராஸ் என்று அத்தனை பீற்றியாகிவிட்டது. பயந்துவிட்டேன் என்று சொல்வதைவிட மாமா கெடுத்துவிட்டார் என்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அது அப்படியே வீட்டில் நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகு புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் அவர்கள் நீட்டும் கவரை மாமா தொட மாட்டார். "நேரா சார் கையில குடுங்க, எனக்கு ராசியில்ல" என்பார். பக்கத்து மேஜையில் தலை குனிந்தபடி நான் கூட்டல் போட்டுக்கொண்டிருப்பேன். என் கல்யாணத்தில் கண் கலங்கினார். மகளுக்குப் பெயர் வைத்த அன்று, "மெட்ராஸ் போயிருந்தா நீ எங்கயோ இருந்திருப்ப பாப்பா" என்றார். நான் பதவி உயர்வு பெற்ற அன்றும் அதையேதான் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் தலையை மட்டும் ஆட்டினேன். சண்டாளி.

போன வருஷம் படுத்த படுக்கையாகிவிட்டார். பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடும்மா" என்றார். சுற்றி அத்தை, பிள்ளைகள், மருமகள்கள். "விடுங்க மாமா, பழைய கதை" என்றேன். வெளியே வந்தபோது அத்தை என் கன்னத்தைத் தடவி, "உனக்குப் பெரிய மனசும்மா" என்றாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அடுத்த வாரம் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அடுத்த வாரம் போனது மாலையோடு.

அந்த ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது பேக்கரி. மெட்ராஸ் பேங்க் எப்போதோ கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. மேனேஜர் மாற்றலாகிப் போனவர், எங்கே இருக்கிறாரோ தெரியாது. பரஸ்தானம் என்றால் என் மகளுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. இவை எதுவும் எனக்குப் பெரிய குறையில்லை. மாமாவிடம் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்: "அன்னிக்கு சார் திருப்பிக் குடுத்தாரு மாமா, நான்தான் வேணாம்னேன்." கேட்டிருந்தால் திட்டியிருக்கக்கூட மாட்டார். "அடிப்பாவி, அப்ப நான் கெடுக்கலியா?" என்று சிரித்துவிட்டு, அன்றைக்காவது வயிறாரச் சாப்பிட்டிருப்பார்.